முன்னுக்கு மட்டும் போகும் பெட்டி

இரத்தினவேல் சொன்ன பொய், சொன்ன அன்றைக்குச் சின்னப் பொய்தான். வன்னியில் மாமாவின் வயலில் ட்றக்ரர் ஓட்டினேன் என்றார், அவ்வளவுதான். உண்மையில் ட்றக்ரரை ஓட்டியவன் வேறொருவன். இவர் பக்கத்தில், சில்லை மூடுகிற மட்காட்டின் மேல் குந்தியிருந்து நெல்மூட்டை எண்ணினார். கலியாணத் தரகர் அதைத் தட்டி நிமிர்த்தி, மாப்பிள்ளை ட்றக்ரரில் விண்ணன் என்று பெண்வீட்டில் போட்டுவைத்தார். பிறகு கனடாவுக்கு வந்து, பிறந்தநாள் விழாக்களில் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரத்தினவேல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தார். 1996இல் அந்தக் கதை ஆளளவு வளர்ந்து நின்றது. ட்றக்ரருக்குப் பின்னால் கொளுவிய பெட்டி நிறைய நெல்லோடு, இரண்டு பக்கமும் வாய்க்கால் ஓடும் ஒற்றை வரம்பில், கழுத்தைக்கூடத் திருப்பாமல் அரை மைல் பின்னுக்கு எடுத்தாராம்.

பொய் சொன்னவனைத் தண்டிக்க நரகமெல்லாம் எதற்கு? ஒரு ட்றெயிலர் போதும்.

அந்த ட்றெயிலருக்குத் தேவை வந்தது மணவறையால். அவர் மனைவி சந்திரவதனா பகலில் மார்க்கம் நகரில் ஒரு பல்வைத்தியரிடம் தொலைபேசி எடுப்பவள். மாலையில், மில்லிக்கன் பகுதியில் இருந்த தங்கள் வீட்டு நிலவறையில், றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையைச் சூட்டுக் கம்பியால் வெட்டி வெட்டி, ஒரு வருடமாக மணவறை செய்துகொண்டிருந்தாள். நான்கு தூண், ஒரு வளைவு, எட்டடிப் பின்பலகை, இரண்டு அன்னம். எல்லாவற்றுக்கும் தங்க நிறம் பூசி முடித்தபோது அது மகாராணிக்குப் போட்ட ஆசனம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஆசனத்தை ஏற்றிக்கொண்டு போக வீட்டில் இருந்தது ஒரு ஹொண்டா சிவிக்.

முதல்முறை காரின் கூரையில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். ஒத்திகைதான், சிநேகிதி வீட்டு மண்டபம் வரைக்கும். ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு காற்று அடித்தது, வலதுபக்க அன்னத்தின் தலை பறந்துபோனது. இறங்கித் தேடுவதற்குள் ஒரு பஸ் அதன்மேல் ஏறிவிட்டது. சந்திரவதனா அழவில்லை. வீடு வந்ததும் புதுக் கழுத்து வெட்டத் தொடங்கினாள். வெட்டிக்கொண்டே சொன்னாள், ட்றெயிலர் ஒன்று வாங்கவேணும், ட்றக்ரர் பெட்டியையே ஆட்டிப் படைத்த மனுசன் வீட்டில் இருக்கும்போது நமக்கென்ன பயம் என்று.

இரத்தினவேல் அன்றிரவு புட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

ஆவணியில் யோகமலரின் மகளுக்குக் கலியாணம். யோகமலர் ஆரையும் எளிதில் நம்புகிற பெண் அல்ல. இருந்தும் ஸ்காபரோவில் பேர்போன மணவறைக்காரரை விட்டுவிட்டு, சந்திரவதனாவுக்கு முதல் ஓடர் கொடுத்திருந்தாள். முகூர்த்தத்துக்கு முன் மணவறை எழும்பி நிற்காவிட்டால் நானூறு சனம் அதைப் பார்க்கும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. ஒரு வருட உழைப்பு ஒரே காலையில் அவிந்துபோகும். இது இரத்தினவேலுக்கும் நன்றாகத் தெரியும். அதனால் அவர் ட்றெயிலர் வேண்டாம் என்று சொல்லவில்லை, எந்த ட்றெயிலர் என்பதிலேதான் தன் மானத்தைக் காப்பாற்ற நினைத்தார். பின்னுக்கு எடுக்கவேண்டி வந்தால் கொக்கியைக் கழற்றி, கையாலேயே திருப்பி, திரும்ப மாட்டிவிடக்கூடிய அளவுக்கு இலேசான ஒன்று. அப்படி ஒன்று கிடைத்தால் கடைசிவரை பின்னுக்கு எடுக்காமலே காலத்தை ஓட்டலாம்.

ஒரு சனிக்கிழமை விட்பி என்ற ஊர்ப் பக்கம் போனார்கள். வீதியோரக் காணி ஒன்றில் அலெக்ஸாண்டர் என்ற வெள்ளைக்காரக் கிழவர் பழைய, புதிய ட்றெயிலர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். காணி முழுக்கப் புல், நடுவில் அவர் கதிரை. எழுந்து வந்து முதலில் சிவிக்கைத்தான் சுற்றிப் பார்த்தார். காரின் புத்தகத்தை வாங்கி, இழுக்கக்கூடிய பாரம் ஆயிரம் இறாத்தல் என்று விரலால் தொட்டுக் காட்டினார். பெட்டியும் அதற்குள், சாமானும் அதற்குள் என்றார்.

முதலாவது, இரும்பால் செய்த உயரமான பெட்டி. மழை, காற்று எதுவும் உள்ளே போகாது, மணவறை பத்திரமாக இருக்கும். வெறும் பெட்டியே எழுநூறு இறாத்தல். இரத்தினவேல் அதன் மூக்கைத் தூக்கிப் பார்த்தார். இடுப்பில் எங்கோ ஒரு நரம்பு பேசியது. இது காருக்குக் கூடாது, எஞ்சின் பாவம் என்று சொல்லி நகர்ந்தார்.

இரண்டாவது, இரண்டாக மடித்துச் சுவரோடு சாத்தி வைக்கிற வகை. மடிக்கிற பிணைச்சலைக் கண்டதும் சந்திரவதனா தலையை ஆட்டினாள். கலியாண வீட்டுக்குப் போகிற வழியில் அது தானாக மடிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். கிழவர் அப்படி மடியாது என்றார். அன்னத்தின் தலையும் பறக்காது என்றுதான் நினைத்தோம் என்றாள் அவள்.

மூன்றாவது நீலநிறம். அலுமினியச் சட்டம், மேலே ஒட்டுப்பலகை, தாழ்வான விளிம்பு, சின்னச் சில்லு இரண்டு. எட்டடி நீளம், நாலடி அகலம். இருநூற்றைம்பது இறாத்தல்தான். இரத்தினவேலின் மனம் அதன்மேல் விழுந்துவிட்டது. ஆனால் மனைவி இரும்புப் பெட்டியைக் கேட்பாளே, மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்பாளே என்று பயந்து, அவர் ஒரு பெரிய பிரசங்கத்தை ஆரம்பித்தார். ஏற்றுகிற பாரத்தில் பத்தில் ஒன்று கொக்கியில் விழவேணும், மூக்கு இலேசானால் வால் ஆடும், வன்னியில் நெல் ஏற்றும்போதும் முன்பக்கம்தான் முதலில் அடுக்குவோம் என்றெல்லாம் சொன்னார். அதில் முக்கால்வாசி, பத்து நிமிடத்துக்கு முன் கிழவர் சொன்னது.

கிழவர் இன்னொன்றும் சொன்னார். சின்னப் பெட்டி பின்னுக்கு எடுக்கும்போது சொல்வழி கேட்காது, சட்டென்று மடங்கிவிடும், நீளமானதுதான் பொறுமைசாலி. முன்பு எப்போதாவது எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"ட்றக்ரர்," என்றார் இரத்தினவேல், தன் ஆங்கிலம் முழுவதையும் திரட்டி. "றைஸ். வெரி பிக்."

சந்திரவதனா முன்னால் வந்தாள். நீலப் பெட்டியின் மூக்கை ஒரு கையால் பிடித்துத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கி, ஒரு பக்கமாக இழுத்துப் பார்த்தாள். பெட்டி அவளோடு வந்தது. இதையே எடுப்போம் என்றாள். வாதம் இல்லை, பேரம்கூட இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று இரத்தினவேல் நினைத்தார். தன் பிரசங்கத்தின் மேல் அவருக்கே ஒரு மரியாதை பிறந்தது.

கோயிலில் பூசை செய்தபோது எத்தனை எலுமிச்சம்பழம் என்று ஒரு சிக்கல் வந்தது. பெட்டி தனி வாகனமா, காரின் வாலா என்று ஐயர் யோசித்தார். கடைசியில், நம்பர்த் தகடு தனியாக இருக்கிறபடியால் பழமும் தனி என்று தீர்ப்புச் சொல்லி, ஆறு சில்லுக்கும் ஆறு பழம் வைத்தார். இரத்தினவேல் மெதுவாக முன்னுக்கு ஏற்றி நசித்தார். நல்ல சமயம் நம்முடைய சமயம், பின்னுக்குப் போய் நசி என்று அது எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

ஆனாலும் மனச்சாட்சி விடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கி வருகிறேன் என்று பெட்டியையும் கொளுவிக்கொண்டு புறப்பட்டார். பால் வாங்க எதற்குப் பெட்டி என்று சந்திரவதனா கேட்கவில்லை. மார்க்கத்தில் அலுவலகங்களின் வெறும் கார் நிறுத்துமிடங்களில் அவர் பின்னுக்கு எடுத்துப் பழகினார். ஸ்ரேறிங்கை வலக்கைப் பக்கம் திருப்பினால் பெட்டி இடப்பக்கம் போனது. சரி என்று இடப்பக்கம் திருப்பினால், அது ஏற்கெனவே இடப்பக்கம் போய் முடித்துக் காரின் விலாவை முகர்ந்தது. மூன்று ஞாயிறும் முடிவில் இறங்கி, கொக்கியைக் கழற்றி, கையால் திருப்பி, மாட்டிக்கொண்டு வந்தார். மூன்று ஞாயிறும் பாலை மறந்தார். சந்திரவதனா தேத்தண்ணியை வெறுமையாக ஊற்றிக் கொடுத்தாள்.

கலியாணத்தன்று விடிய மழை தூறியது, காற்றும் சேர்ந்துகொண்டது. பொலித்தீனால் மூடிக் கட்டிய மணவறையோடு எட்டரைக்கு மண்டபத்துக்கு வந்தார்கள். முகூர்த்தம் பத்தரைக்கு. முன்வாசலால் எட்டடிப் பலகை நுழையாது. பின்கதவுக்குச் சந்து மாதிரி ஒரு ஒடுங்கிய ஒழுங்கை போனது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் முன்கூட்டியே வந்தவர்களின் கார்கள், முடிவில் கதவு. மழை படாமல் இறக்கவேண்டுமென்றால் பெட்டியின் வால் அந்தக் கதவின் தாழ்வாரத்துக்குள் போகவேணும். வெளியே வைத்துப் பிரித்தால் காற்று ஒவ்வொரு தூணாகக் கொண்டுபோய்விடும். ஒழுங்கை ஒரே மேடு. கொக்கியைக் கழற்றித் தள்ளுவோம் என்ற அவருடைய பொன்னான திட்டத்தை மேடு தின்றுவிட்டது. ஏற்றிய பெட்டியைப் புருசனும் பெண்சாதியும் மேட்டில் தள்ள முடியாது.

இரத்தினவேல் பின்னுக்கு எடுத்தார். அது எங்கும் நடக்கிற மாதிரியே, வேட்டி கட்டிய ஆம்பிளைகள் குடையோடு கூடிவிட்டார்கள். ஒருவர் றைற்றுக்கு ஒடி என்றார், ஒருவர் லெஃப்ற்றுக்கு என்றார், ஒருவர் கையைச் சும்மா சுழற்றினார். அவருடைய சிநேகிதர் அருள்நாயகம் மட்டும் எல்லாரையும் அடக்கினார். பேசாமல் நில்லுங்கோ, அவர் வன்னியில் இதைவிடப் பெரியதை ஒற்றை வரம்பில் அரை மைல் எடுத்தவர் என்று, சுவரும் கேட்கிற குரலில் சொன்னார்.

பெட்டி மடங்கியது. முன்னுக்கு வந்து திரும்ப எடுத்தார், திரும்பவும் மடங்கியது. நாலாம் தரம் அது ஒழுங்கைக்குக் குறுக்கே, மாப்பிள்ளையின் தகப்பனுடைய காருக்கு ஒரு சாண் தூரத்தில், அசையாமல் நின்றது. மணி ஒன்பதேகால். பொலித்தீனின் ஒரு மூலை பிரிந்து படபடத்தது. உள்ளே இருந்து புதுக் கழுத்து அன்னம் எட்டிப் பார்த்தது. சந்திரவதனா ஓடிவந்து அதைத் தன் சேலைத் தலைப்பால் மூடி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்த இரத்தினவேலுக்கு வெட்கம் பொங்கியது. ஒரு மனுசி ஒரு வருடம் செய்ததைத் தன்னுடைய மட்காட் கதை மழையில் கரைக்கப் போகிறதே என்று நினைத்தார்.

கதவைத் திறந்து மழையில் இறங்கினார்.

"எனக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது," என்றார். "ட்றக்ரரும் ஒருநாளும் ஓடினதில்லை. மட்காட்டிலை இருந்து மூட்டை எண்ணினனான், அவ்வளவுதான்."

குடைகள் அசையவில்லை. அருள்நாயகம் வாயைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினார். தாழ்வாரத்தில் பட்டுச் சேலையோடு நின்ற யோகமலர் மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு ஆம்பிளைகளைப் பார்த்தாள்.

"தெரியாட்டி என்ன? இவ்வளவு பேர் நிக்கிறியள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாங்கோவன்."

அதுவரை யாருக்கும் தோன்றாத யோசனை. கொக்கியைக் கழற்றினார்கள். குடைகள் மடங்கின, வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. பதினாறு பேர் குனிந்தார்கள். எல்லாம் திருவிழாவில் சுவாமி தூக்கிப் பழகிய தோள்கள், எந்தப் பக்கம் உயரமானவர் நிற்கவேணும் என்று சொல்லித்தரத் தேவையில்லை. நீலப் பெட்டி, ஒன்ராறியோ நம்பர்த் தகட்டோடு, மெல்ல எழும்பியது. தாழ்வாரத்தில் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சுவாமி வெளிக்கிடும்போது வாசிக்கிற மல்லாரியை எடுத்தார், தவிலும் சேர்ந்தது. மணவறை ஆடி அசைந்து மேடேறி, ஒரு துளி நனையாமல் உள்ளே எழுந்தருளியது. பின்னால் இரத்தினவேல், கொக்கியின் பூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, பூசைத் தட்டுப் பிடித்தவர் மாதிரிப் போனார்.

பத்து மணிக்கு மணவறை நின்றது. பத்தரைக்குத் தாலி ஏறியது. சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பேர் சந்திரவதனாவிடம் தேதி கேட்டார்கள். அதில் ஒருத்தி, எங்களுக்கும் மேளத்தோடு தூக்கிக்கொண்டுதான் வரவேணும் என்று உறுதியாகச் சொன்னாள்.

பின்னேரம், கார்கள் போய் ஒழுங்கை வெறிச்சோடியிருந்தது. மழை விட்டிருந்தது. மணவறையைத் திரும்ப அடுக்கிக் கட்டிவிட்டு இரத்தினவேல் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியும்," என்றாள் சந்திரவதனா.

"எது?"

"ட்றக்ரர் விசயம். கலியாணத்துக்கு முன்னமே அப்பா விசாரிச்சவர். மட்காட் எண்டு அப்பவே சொன்னவர்."

"பிறகேன் என்னைக் கட்டினனீர்?"

"ட்றக்ரருக்கோ நான் கழுத்தை நீட்டினனான்?" அவள் பெட்டியின் மூக்கைத் தட்டினாள். "நான் அந்த இரும்புப் பெட்டியை விட்டிட்டு இதை ஏன் எடுத்தனான் எண்டு நினைக்கிறியள்? நீங்கள் எங்கையாவது மாட்டுப்பட்டா, ஒரு பக்கத்தை நானும் பிடிச்சுத் தூக்கலாம் எண்டுதான்."

இரத்தினவேல் முடிச்சை விட்டு நிமிர்ந்தார். கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, துடைத்தார், அதை மறைக்கவும் இல்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியை இறக்கத்தில் விட்டு, கொக்கியில் மாட்டினார்கள். வாசல் வரைக்கும் வழி நேரே கிடந்தது.

"போற வழியிலை பாலும் வாங்குவம்," என்றாள் அவள், காருக்குள் ஏறிக்கொண்டே. "மூண்டு ஞாயிறா வீட்டிலை பால் இல்லை."