பாலத்தை இது பண்ணுங்கள்

பெயர்ச்சொற்களுக்கும் அவனுக்கும் பிறவியிலேயே ஆகாது. சாவி, சீப்பு, சித்தப்பா எல்லாமே அவன் வாயில் 'இது'தான். வினைச்சொற்களும் அவசரத்துக்குக் கைகொடுக்காது. 'இது பண்ணு' என்று முடித்துவிடுவான். வீட்டில் யாருக்கும் இதனால் ஒரு சிரமமும் இல்லை. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே அவன் மனைவிக்கும் பழகிவிட்டது.

ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது மீசைக்கார அதிகாரி ஒருவர் கேட்டார்: "எதுக்குப்பா ராணுவத்துல சேரணும்னு நினைக்கிற?"

"எல்லாம் இதுக்காகத்தான் சார்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவன் காட்டியது சட்டையை. சீருடை என்ற சொல் கிடைக்கவில்லை. மீசைக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

உளவுப் பிரிவின் வயர்லெஸ் அறையில் வேலை. அந்தப் பிரிவு அப்போது நொந்துபோயிருந்தது. என்ன சங்கேத மொழியில் பேசினாலும், டீ ஆறுவதற்குள் எதிரி கண்டுபிடித்துவிடுவான். மலைமுகாமில், வயர்லெஸ்ஸின் மறுமுனையில் இருந்தவர் அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். ஒருநாள் சங்கேதச் சொற்கள் அத்தனையும் மறந்துபோக, வீட்டில் பேசுவது போலவே பேசினான்.

"மச்சான், அந்த இது வந்துச்சா?"

"எது, நேத்து சொன்ன இதா?"

"அது இல்ல, அதுக்கு முன்னாடி சொன்னது."

"அதுவா, வந்துடுச்சு மாப்பிள்ள. மூடி வச்சிருக்கேன்."

"அதைக் கொண்டுபோய் அந்த இதுக்குப் பின்னால இது பண்ணிடுங்க."

பீரங்கிக் குண்டுகள் ஓசைப்படாமல் பழைய மாவு மில்லுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. எதிரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிரி முகாமிலிருந்து ஓடிவந்து சரணடைந்த மொழிப் பேராசிரியர், 'இது' என்றால் பீரங்கி என்று சில நாளும், உருளைக்கிழங்கு என்று சில நாளும் நம்பியதாகவும், நடுவில் 'அது' வந்து சேர்ந்ததும் தனக்குத் தூக்கமே போய்விட்டதாகவும் வாக்குமூலம் கொடுத்தார்.

அவன் தோளில் முதல் நட்சத்திரம் ஏறியது. நட்சத்திரம் ஏறியவனை 'அவன்' என்று சொல்வது மரியாதை இல்லை, இனி அவர். நட்சத்திரங்கள் கூடக் கூட அவர் பேச்சுக்கும் மதிப்பு கூடியது. "அதை அப்புறம் இது பண்ணிக்கலாம்" என்று அவர் சொன்னால், என்ன ஆழம் என்று தலையாட்டினார்கள். தலை நரைக்கத் தொடங்கியபோது உளவுப் பிரிவின் தலைவர் நாற்காலியே அவரைத் தேடி வந்தது.

உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இனி பேச வேண்டியது மச்சானிடம் இல்லை. தன் வீட்டில் ஒருநாள்கூடச் சாப்பிட்டிராத அதிகாரிகளிடம்.

முதல் நாளே, ஆற்றுப் பாலம் ஆட்டம் கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. மச்சானும் மற்ற வீரர்களும் மலைமுகாமைக் காலி செய்துகொண்டு சாயங்காலம் அந்த வழியாகத்தான் திரும்புகிறார்கள்.

"அந்தப் பாலத்தை உடனே இது பண்ணிடுங்க" என்றார். பாலம் என்ற சொல் தானாக வந்து விழுந்ததில் அவருக்கே பெருமை.

"சரி சார்" என்று துணை அதிகாரி விறைப்பாக சல்யூட் அடித்தார். புதுத் தலைவரிடம் விளக்கம் கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. வெளியே போய்த் தங்களுக்குள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் துணை அதிகாரி திரும்பி வந்தார்.

"வெடிமருந்து வண்டி கிளம்பிடுச்சு சார்."

"ஐயோ, அதை இது பண்ணாதீங்கய்யா."

"எதை சார்? முதல்ல சொன்ன இதையா, இப்ப சொன்ன இதையா?"

"அது இல்லய்யா, இது."

தலைவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏய், உன் அண்ணன் வர்றாருல்ல, அதைப் போய் இவங்க இது பண்ணப் போறாங்க."

"போனைப் பக்கத்துல இருக்கற தம்பிகிட்ட குடுங்க" என்றாள் மனைவி.

துணை அதிகாரி வாங்கி, பாலத்தைப் பற்றியும் வெடிமருந்து வண்டியைப் பற்றியும் சொன்னார்.

"தம்பி, சார் 'இது'ன்னு இழுத்துச் சொன்னாரா, வெட்டிச் சொன்னாரா?"

"இழுத்துதாம்மா சொன்னாரு."

"இழுத்தா கட்டுறது, வெட்டினா உடைக்கிறது. பாலத்துக்கு முட்டுக்கொடுக்கச் சொல்லியிருக்காரு. வண்டியத் திருப்புங்க முதல்ல. எங்க அண்ணன் அந்தப் பாலத்து வழியாத்தான் வர்றாரு."

துணை அதிகாரி ரிசீவருக்கே சல்யூட் அடித்தார். வண்டி பாலத்துக்கு முந்தின வளைவில் திரும்பியது. வெடிமருந்துக்குப் பதிலாக மரக்கட்டைகள் போய் இறங்கின. சாயங்காலம் மச்சான் முழங்கால் வரை சேற்றோடு நேராகத் தலைவர் அறைக்கே வந்துவிட்டார்.

அவரைப் பார்த்ததும் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தன் வாயால் இந்த மனிதர் ஆற்றோடு போயிருப்பார். இந்த நாற்காலி நமக்குச் சரிப்படாது என்று முடிவு செய்து, தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் இது பண்ணிடறேன்யா" என்றார் துணை அதிகாரியிடம்.

"எதை சார்?"

"என்னோட இதைத்தான்." ராஜினாமா என்ற சொல் நாக்கின் நுனி வரைகூட வரவில்லை.

துணை அதிகாரி காலையில் சூடுபட்டவர். நேராக ரிசீவரை எடுத்தார். "அம்மா, சார் தொப்பியக் கழட்டி வச்சிட்டு, 'என்னோட இதை இது பண்ணிடறேன்'னு சொல்றாரு. முகமும் சரியில்ல."

இழுத்துச் சொன்னாரா, வெட்டிச் சொன்னாரா என்று இந்த முறை அவள் கேட்கவே இல்லை.

"அதுவா தம்பி, பசிக்குதுன்னு சொல்றாரு" என்றாள் அவள். "தொப்பிய எடுத்து மாட்டிவிட்டு, சாப்பிட ஏதாவது வாங்கிக் குடுங்க."

துணை அதிகாரி தொப்பியை மாட்டிவிட்டுக் கதவை நோக்கி ஓடினார். தலைவர் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல மச்சானைப் பார்த்தார்.

மச்சான் எதிர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சேற்றுக் காலை நீட்டினார்.

"எனக்கும் சேர்த்து வாங்கச் சொல்லுங்க மாப்பிள்ள."