முதலில் உலகத்துக்குச் சொன்னவர்

வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்து, "தலை வெடிக்குது" என்று படுத்தவன்தான் பிரதாபன். பிறகு எழும்பவேயில்லை. மூளையில் இரத்தம் உறைந்து கட்டியாகி விட்டதாம். ஆஸ்பத்திரியில் அவன் மனைவி சுகந்தினிக்குச் சொன்னது அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து கொஞ்ச நாளில் டொக்டர் நிசாந்தினி ஸ்கந்தபுரத்துக்கு வந்தார். கொழும்பில் ஆராய்ச்சி செய்பவர். இரத்தம் ஏன் உறைகிறது, உறைந்தால் மூளைக்கு என்ன ஆகும் என்பதே அவருடைய படிப்பு. பிரதாபனின் தமையனும் இளவயதில் இப்படித்தான் போனவர் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். பிரதாபனிடம் ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது. மூத்தவள் யதுர்ஷிகா கையை நீட்டினாள். இளையவள் தேனுகாவுக்கு அன்று காய்ச்சல். அவளை விட்டுவிட்டார்கள்.

"முடிவு வந்தா எங்களுக்குச் சொல்லுவியளோ, டொக்டர்?" என்று கேட்டாள் சுகந்தினி.

"ஓம் அக்கா, கட்டாயம்."

பிறகு டொக்டரின் சிலமனே இல்லை, ஒரு தகவலும் வரவில்லை. சுகந்தினியும் மறந்துபோனாள். வயலைக் குத்தகைக்கு விட்டு, மல்லாவியில் தர்சனுக்கு யதுர்ஷிகாவைக் கட்டிக் கொடுத்தாள். மாப்பிள்ளை பொறுமைசாலி. அவளுடைய படிப்பு முடியட்டும், பிள்ளைக்கு அவசரமில்லை என்றான். யதுர்ஷிகா கருத்தடைக் குளிசை எடுத்தாள். ஊரில் எத்தனையோ பெண்கள் எடுக்கிற குளிசைதான்.

ஒரு காலை தலையிடி என்றவள், மத்தியானம் வலிப்பு வந்து விழுந்தாள். தர்சன் வான் பிடித்து வவுனியாவுக்குக் கொண்டு ஓடினான். அங்கே டொக்டர் றம்சீன் என்ற இளம் வைத்தியர், தகப்பனும் பெரியப்பாவும் போன விதத்தைக் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்தார்.

"வன்னிக் குடும்பமொண்டைப் பற்றி ஒரு கட்டுரை வாசிச்சனான். அது நீங்களோ?"

அந்தக் கட்டுரையை வாசித்திருந்ததால் வைத்தியம் பிந்தவில்லை. யதுர்ஷிகா பிழைத்தாள். ஆனால் வலக்கை செயலிழந்து போனது. பேச்சு குழறியது. அம்மா என்று சொல்லவே முக்கவேண்டியிருந்தது.

தர்சன் கட்டுரையைக் கைபேசியில் தேடியெடுத்து மாமிக்குத் தமிழில் சொன்னான். "இரத்தம் லேசில உறையிற பரம்பரைக் குறை தகப்பனுக்கு இருந்ததாம், மகளுக்கும் இருக்காம். கருத்தடைக் குளிசை அதைக் கூட்டுமாம், இப்பிடியான பெண்கள் எடுக்கக்கூடாதாம்."

"எப்ப எழுதினது, தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கட கலியாணத்துக்கு முந்தின வருஷம், மாமி."

அந்தக் கட்டுரைக்காக நிசாந்தினிக்கு வெளிநாட்டில் பரிசும் கிடைத்திருந்தது.

விசயம் றம்சீன் மூலம் தெரிந்து நிசாந்தினி திரும்ப வந்தார். யதுர்ஷிகாவைப் பார்த்ததும் அவருடைய முகம் வெளிறியது. கதிரையில் உட்காரவில்லை.

"அக்கா, இரத்தத்தில பேர் எழுதுறேல்லை, இலக்கம்தான். தனி ஆக்களுக்கு முடிவைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. நான் அந்த அனுமதியைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அதுக்குள்ள நான் வெளிநாடு போயிட்டன்."

"உலகத்துக்குச் சொல்ல அனுமதி இருந்ததோ?" என்றாள் சுகந்தினி. "ஆரோ ஊர்பேர் தெரியாத சனம் என்ர பிள்ளையின்ர வருத்தத்தை வாசிக்குது. குளிசையை வாயில போட்டவளுக்குத் தெரியாது."

நிசாந்தினியின் கண்கள் நிறைந்தன. கண்களைத் துடைத்துக்கொண்டு, யதுர்ஷிகாவுக்கு நடந்ததையும் எழுத விரும்புவதாகவும் அது மற்றப் பெண்களைக் காப்பாற்றும் என்றும் மெல்லச் சொன்னார். தேனுகாவின் இரத்தமும் வேண்டுமாம்.

விளக்குமாற்றால் அடித்து ஒழுங்கைக்குத் துரத்தவேண்டும் போலிருந்தது சுகந்தினிக்கு. ஆனால் அந்தப் பரிசோதனை பக்கத்தில் எங்கேயும் இல்லை, நிசாந்தினியின் ஆய்வுகூடத்தில்தான் செய்யலாம் என்று றம்சீன் சொல்லியிருந்தார். வேறு வாசல் இல்லை. தேனுகாவைக் கூப்பிட்டு, தானே அவளுடைய சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"எழுதுறதெண்டா எழுதுங்கோ. முதல் இவளுக்குச் சொல்லிப்போட்டு எழுதுங்கோ."

இந்த முறை நிசாந்தினி சொன்ன சொல் தவறவில்லை. அவரே தொலைபேசி எடுத்தார். தேனுகாவுக்கும் அதே குறைதான். எந்தெந்த மருந்தை அவள் தொடவே கூடாது, பிள்ளைப்பேற்றின்போது என்ன செய்யவேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். சுகந்தினி எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினாள்.

"நன்றி, டொக்டர்" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அப்படிச் சொன்ன வாயை என்ன செய்யலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை.