நாளைக்கு இன்னொரு வண்டி

வேனில் இருந்த கடைசி அரிசி மூட்டையும் இறங்கிவிட்டது. வரிசையிலோ இன்னும் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

வெதுருகுப்பத்திலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. மழை பொய்த்து வேர்க்கடலை கருகி, ஆழ்துளைக் கிணறுகளில் வெறும் காற்றுதான் வந்தது. திருப்பதி அறக்கட்டளை ஒன்றின் சார்பில் அரிசியும் பருப்பும் கொண்டுவந்திருந்த சுதீருக்கு நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எங்களுக்கு இல்லியா சார்?" என்று முன்னால் நின்ற சுலோசனா கேட்டாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவளுடைய மாமனார் நின்றிருந்தார்.

"நாளைக்கு இன்னொரு வண்டி வரும்மா. இதே இடத்துக்கு."

அப்படி எந்த வண்டியும் கிடையாது. இல்லை என்றால் வேனை மறித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். அவர்கள் மறுபேச்சில்லாமல் கலைந்துபோனார்கள். அதுதான் அவனை உறுத்தியது. ஆனாலும் ரேணிகுண்டாவில் வீடு போய்ச் சேர்ந்து, தட்டில் சோறு விழுந்ததும் மறந்துபோயிற்று.

மறுநாள் மதியம், அவன் நம்பரை வாங்கி வைத்திருந்த அந்த ஊர் டீக்கடைக்காரி பிரமிளா போன் செய்தாள்.

"வண்டி எங்க சார் வந்துக்கினு இருக்குது? காலையிலேர்ந்து ஜனங்க ரோட்டாண்ட குந்திக்கினு இருக்காங்க. சுலோசனாவோட மாமனார் வெயில்ல சுருண்டு உழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் வந்து சித்தூருக்கு இட்டுக்கினு போயிருக்குது."

அறக்கட்டளைக் குடோன் காலி என்பது சுதீருக்குத் தெரியும். மண்டியில் தன் சம்பளத்துக்கு முடிந்த அரிசியை வாங்கி, நண்பனின் லோடு ஆட்டோவில் ஏற்றி அவனே ஓட்டிக்கொண்டு போனான்.

ஆட்டோவைக் கண்டதும் ரோட்டோரத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். சுலோசனாவும் அங்கேதான் இருந்தாள். மாமனாருடன் புருஷனை அனுப்பிவிட்டு, வண்டி வந்தால் வாங்க ஆள் வேண்டுமே என்று இவள் தங்கிவிட்டாளாம்.

"ஏமாத்திட்டான்னு சொல்லி இவங்கல்லாம் எழுந்து போவப் பாத்தாங்க சார். அந்த சார் அப்பிடிப்பட்டவரு இல்லன்னு நான்தான் குந்த வெச்சேன்."

சுதீர் குனிந்து மூட்டையின் வாயைப் பிரித்தான். எல்லாரும் வாங்கிப் போனபின் அவளைச் சித்தூருக்கு ஏற்றிக்கொண்டான்.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னான். "அக்கா, நேத்து நான் சொன்னது பொய். வண்டி எதுவும் இல்ல. அங்கேர்ந்து கெளம்பணும்னு அப்பிடிச் சொல்லிட்டேன்."

அவள் மடியில் இருந்த அரிசிப் பையின் முடிச்சைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கங்காதர நெல்லூர் தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இல்லன்னு சொல்லியிருந்தா நேத்தே மாமாவ இட்டுக்கினு புத்தூர்ல எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிருப்போம். ஒரு வாய் துன்னுட்டு நெழல்ல படுத்திருப்பாரு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு ரோடு சுதீரின் கண்ணில் சரியாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கிழவருக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உயிருக்குப் பயமில்லை, தெம்பு வர நாளாகும் என்றார்கள். சுதீரைக் கண்டதும் அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடப் பார்த்தார். சுலோசனா அவர் கையைப் பிடித்துப் படுக்கையில் வைத்தாள்.

"ஊசி இருக்குது மாமா. தூக்காதீங்க."

அவன் வெளியே வந்து அறக்கட்டளை ஆபீசுக்குப் போன் செய்தான். நேற்றுச் சொன்ன பொய்யையும் விடாமல் எல்லாவற்றையும் சொல்லி, அந்த ஊருக்கு மறுபடி எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டான். இந்த மாதம் முடியாது என்று பதில் வந்தது. எவ்வளவோ கெஞ்சியும் தேதி கிடைக்கவில்லை.

கட்டிலருகே திரும்பிப் போனான். புருஷனை மருந்து வாங்க அனுப்பிவிட்டுச் சுலோசனா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்த மாசம் வண்டி கெடையாதுக்கா. அப்பறம் எப்பன்னும் தெரியல."

அவள் தலையாட்டினாள். "நான் போன் போட்டு ஊர்ல சொல்லிடறேன். சொந்தக்காரங்க வூட்டுக்குப் போறவங்க போவட்டும்." பிறகு அவன் முகத்தைப் பார்க்காமலே, "தோளத் தூக்கிப் புடிங்க சார், கஞ்சி குடுக்கணும்" என்றாள்.

சுதீர் கிழவரின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினான். எடையே இல்லை.