மேசைக்கு எதிர்ப்பக்கம்

இந்தக் காலத்தில் யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. எதைக் கேட்டாலும் கையிலிருக்கும் போனைத் தடவிக்கொண்டே, "உட்காருங்க, கூப்பிடுவோம்" என்கிறார்கள். கிழவர் காலையிலிருந்து வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு பயலும் கூப்பிடவில்லை.

கதவுக் கண்ணாடி வழியாக மனைவியின் பாதம் மட்டும் தெரிந்தது. கோழி உரிக்கும் கொட்டகையில் ஈரத்தில் நின்று நின்று வெளுத்த பாதம். அங்கே இருவரும் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கம் நின்று இறகு பிடுங்குவார்கள். "கோழி உயிர் வந்து எந்திரிச்சே போயிரும் போல, சீக்கிரம் பிடுங்குய்யா!" என்று அவள் ஏசாத நாளில்லை. அந்த ஏச்சு காதில் விழாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நர்ஸ் வெளியே வந்தாள். "தாத்தா, காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?"

"எனக்குப் புள்ளையே இல்ல. பேத்தி எங்கேருந்து வந்தே?"

அவள் சிரித்துவிட்டு மறுபடி கேட்டாள்.

"போன வாரமே. வேலைக்குப் போனா வாசல்ல வாச்மேன் நெத்திக்கு நேரா காய்ச்சல் பாக்கற மிஷினைப் பிடிப்பான். சூடு இருந்தா திருப்பி அனுப்பிடுவான், கூலி கிடையாது. அதனால ஐஸை நெத்தியில தேச்சுக்கிட்டு உள்ள போவோம். ஆள் பத்தலைன்னா மேஸ்திரியே ஐஸ் கொண்டாந்து குடுப்பாரு."

அவள் சிரிப்பு நின்றது. "முதல் ரெண்டு நாளுக்குள்ள வந்திருந்தா மருந்து நல்லாக் கேட்டிருக்கும்யா."

"இப்ப கேக்காதா?"

"குடுத்துக்கிட்டுதான் இருக்கோம். இந்த ஃப்ளூக் காய்ச்சல் கிருமி நெஞ்சுக்குள்ள போய்ப் பெருகும். வெளிய வர்ற குட்டியெல்லாம், ஈரக் கையில இறகு ஒட்டற மாதிரி, பொறந்த இடத்துலயே ஒட்டிக்கும். ஒட்ட வைக்கிறது ஒரு வகைச் சர்க்கரை. ஆனா கிருமி மேலயே கத்தரி மாதிரி ஒண்ணு இருக்கு. அந்தச் சர்க்கரையை வெட்டிட்டு அடுத்த இடத்துக்குப் பரவிடும். மருந்து அதே சர்க்கரை மாதிரி வேஷம் போட்டுக் கத்தரி வாயில போய் அடைச்சுக்கும். வெட்ட முடியாது."

"கண்ணுக்கே தெரியாத பூச்சி. அதுக்கு ஒரு கத்தரி. எந்தக் கொல்லன் அடிச்சுக் குடுத்தான்?"

"நிஜமாத்தான்யா."

"சரி, ஏற்கெனவே வெட்டிக்கிட்டுப் பரவினது?"

"அதை அவங்க உடம்புதான் சமாளிக்கணும்."

"அந்த உடம்பா!" கிழவர் கதவைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை உள்ள விடு தாயி. திட்டு வாங்கிட்டு வந்திடறேன்."

"அவங்களால பேச முடியாதுங்க. மூச்சுக்குக் குழாய் வெச்சிருக்கு."

கிழவர் கீழே இறங்கினார். தெருவில் வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் கொட்டகை வேன் நின்றது. "ஏறும் பெரியவரே, ஆள் பத்தல" என்றார் மேஸ்திரி. உள்ளே மனைவியின் இடத்தில் புதிதாக ஒரு பெண். அவள் காலில் மனைவியின் ரப்பர் பூட்ஸ். குதிகாலில் அவரே வைத்துக் கொடுத்த டயர் ஒட்டு.

"மருந்து குடுக்கறாங்கல்ல, கேக்கும்யா. படிச்சவங்க சும்மாவா சொல்லுவாங்க?" என்றார் மேஸ்திரி.

"கேக்குதோ கேக்கலையோ. அவ வந்தா எதைப் போட்டுக்கிட்டு நிப்பா?"

மேஸ்திரி டிரைவருக்குச் சைகை காட்டினார். ஹாரன் அடித்தது. கிழவர் எதிர்த்திசையில் நடந்தார். "கத்தரியாம்" என்று முனகி, வெறும் தெருவில் காறித் துப்பினார்.