டோரத்தி மேடத்தின் சம்மதம்

எங்கள் ஊரில் ஐம்பது வயது தாண்டிய மரப்படகைப் பழுதுபார்க்க வேண்டுமென்றால், முதலில் அந்தப் படகின் சம்மதத்தை வாங்க வேண்டும். ஆய்வாளர் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்று முறை கேட்பார். படகு தன் வாயால் "சரி" என்று சொல்ல வேண்டும். சொல்லாத படகு அன்றோடு விறகு. பேக்கரிக்காரர் செல்லையா அண்ணாச்சி ரம்பத்தோடு பக்கத்திலேயே நிற்பார். மக்ரூன் அடுப்புக்குப் பழைய படகுப் பலகைதான் தோது.

இந்த விவகாரத்தில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. அது இப்போது வராது. லாம்பர்ட் மாமாவைத் தெரிந்துகொள்ளாமல் சிரித்தால் பாதிச் சிரிப்பு வீண்.

மாமா என் அம்மாவின் தம்பி. செருப்புக்கடை வைத்திருக்கிறார். படகில் எது முன்பக்கம் என்று கேட்டால் "போற பக்கம்" என்பார். நிற்கிற படகில் எது என்று கேட்டால் கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விடுவார். இப்படிப்பட்டவர் 1951இல் செய்த டோரத்தி என்ற மோட்டார் படகை வாங்கினார். படகு வருவதற்கு முந்தைய வாரமே கேப்டன் தொப்பி வந்துவிட்டது. திருவிழாப் படகு ஊர்வலத்தில் முதலில் வரப்போவது 'கேப்டன் லாம்பர்ட்' என்று நோட்டீஸ் அடித்து, ஒவ்வொரு செருப்புப் பெட்டிக்குள்ளும் ஒன்று வைத்துக் கொடுத்தார். ஊரே அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறது. ஆகவே டோரத்தி சம்மதம் சொல்லாவிட்டால் டோரத்தி அடுப்புக்குள் போகும், மாமா வீட்டுக்குள் போய்விடுவார்.

படகுகள் பேசுவது பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக. தண்ணீர் ஏறுவதும் அதே வழிதான். அதனால் படகு கட்டும் மிக்கேல் ஓடாவி, கேள்வி நாள் வரைக்கும் முகப்பில் ஒரு முழ நீளச் சந்தை மூடாமல் விட்டுவைப்பார். மற்றதையெல்லாம் பஞ்சு திணித்து அடைத்திருந்தார். மாமாவுக்கு அந்த ஒரு முழம் கண்ணை உறுத்தியது. போட்டோவுக்கு நன்றாக இருக்காதாம். சந்து அடைக்கிற பட்டிப் பசை ஒரு டப்பா வாங்கி வந்து தன் கையாலேயே தடவி, மேலே வார்னிஷும் அடித்துவிட்டார். டோரத்தியின் வாய் பளபளவென்று அடைந்துபோனது.

எனக்கு இது தெரியும். அப்போது நான் படகுக்கு அடியில் நிழலில் படுத்திருந்தேன்.

மாமா வார்னிஷ் காய்ந்ததும் ஏணி போட்டு ஏறினார்.

"யாருவே அது, செருப்போட ஏறுறது?" என்றேன், அடியில் படுத்தபடியே. டீசல் புகையில் நாற்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சரம்மா குரல்.

மாமா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சிரு டோரத்தி."

"மேடம்."

"மன்னிச்சிருங்க மேடம்."

மூன்று நாள் இப்படி நடந்தது. மேடம் செய்தித்தாள் வாசிக்கச் சொன்னார். மாமா மரண அறிவித்தல்களில் தொடங்கி வாசித்தார். மிதப்பது எவ்வளவு சிரமம் என்று ஓனருக்குத் தெரிய வேண்டும் என்றார் மேடம். மாமா இடுப்பளவு தண்ணீரில் கையை இரண்டு பக்கமும் விரித்து ஒரு மணி நேரம் நின்றார். போகிற வருகிறவர்கள் "என்ன லாம்பர்ட், புதுப் படகா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

"இப்பம் ஒரு ஹாரன் அடியும், பாப்போம்," என்றேன்.

"பாங்ங்ங்," என்றார் மாமா.

"சுமார்."

இன்னும் சிரிக்க வேண்டாம். கேள்வி நாள் பாக்கி இருக்கிறது.

ஆய்வாளர் பூபாலராயர் மூக்கால் பேசுபவர். குடை, நாற்காலி, பதிவேடு எல்லாம் வந்து சேர்ந்தன. நான் முன்கூட்டியே அடியில் போய் முதுகைப் பலகையில் ஒட்டிக்கொண்டு படுத்தேன்.

"டோரத்திங்கிற படகே, உன்னப் பழுதுபாக்க உனக்குச் சம்மதமா?"

டோரத்தி முயற்சி செய்தது. பலகை நடுங்கியது என் முதுகில் தெரிந்தது. பட்டிக்குப் பின்னால் ஏதோ ம், ம் என்று முட்டியது. வெளியே ஒன்றும் வரவில்லை. செல்லையா அண்ணாச்சி ரம்பத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

இரண்டாம் முறை கேட்டார். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமா எவ்வளவு நேரத்தில் அழுவார் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

"மேடம்," என்றார் மாமா. "ஹாரன்கூட அடிச்சேன்லா மேடம்."

"படகுகிட்ட மட்டும்தான் கேள்வி. நீரு சும்மா இரும்," என்றார் ஆய்வாளர்.

அண்ணாச்சி எங்கே முதலில் அறுக்கலாம் என்று சாக்பீஸால் கோடு போட்டார். கோடு என் தலைக்கு நேர் மேலே வந்தது. மூன்றாம் முறை கேட்டபோது டீச்சரம்மா குரலில் சொன்னேன்: "சரி. நல்ல கையா பாத்து வேல செய்யச் சொல்லும்."

ஆய்வாளர் குடையை மடக்கினார். "சத்தம் எங்கயிருந்து வருது?"

மிக்கேல் ஓடாவி குனிந்து பார்த்து, என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"இதுலயிருந்து சார்."

"அப்ப இதுதான் படகு." ஆய்வாளர் எழுதினார். டோரத்தி, நீளம் ஐந்தடி நான்கு அங்குலம், முன்பக்கம் ஒரு பல் இல்லை. பிறகு ஓடாவி அந்தப் பெரிய மரத்தின் வாயிலிருந்த பட்டியைச் சுரண்டினார். அது மூச்சு விட்டுவிட்டுப் பேசியது. ஆனால் டோரத்தி என்ற பெயரில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் அதைப் பதிவேட்டில் சேர்க்க முடியவில்லை. ஜெரோம் என்ற என் பெயர் காலியாக இருந்தது. அதை அதற்குக் கொடுத்தார்கள். அண்ணாச்சி ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார்.

மாமா இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் ஆய்வாளர் முத்திரை குத்தும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் ஆகப்போகிறவர்களுக்குப் படகைப் பார்க்க நேரம் ஏது?

பன்னிரண்டு நாள் வேலை நடந்தது. என் முழங்கையை உப்புத்தாளால் தேய்த்தார்கள். விரலிடுக்கில் பஞ்சு அடைத்தார்கள். முதுகுக்கு வார்னிஷ் மூன்று பூச்சு. பழைய இஞ்சின் எனக்குக் கனம் என்று ஓடாவிக்குப் பட்டது.

"சத்தத்த நீயே போட்டுக்கிடுவியா மக்கா?"

"போட்டுக்கிடுதேன்."

மாமா ஒரு நாள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "முன்னைக்குச் சின்னதாத் தெரியுதே ஓடாவி?"

"தேவையில்லாத மரத்தையெல்லாம் எடுத்தாச்சு."

"அதான பாத்தேன். இப்பத்தான் ஒரு அம்சம் வந்திருக்கு." என் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திருவிழா அன்று என்னைத் தண்ணீரில் இறக்கினார்கள். மாமா வெள்ளை உடுப்போடு முதுகில் ஏறி உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார். நான் வாயாலேயே இஞ்சினைக் கிளப்பினேன். பின்னால் முப்பது படகுகள் வரிசையாக வந்தன. கரை முழுக்க ஆள். அம்மா படகுத்துறையில் நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் அந்தப் பெரிய ஜெரோம் நின்றது. அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றாறு மார்க்காம். இரண்டு பேரும் கையசைத்தார்கள். மாமா எல்லாருக்கும் சல்யூட் அடித்தார்.

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் ஒரு பெரிய அலை வந்தது. மூச்சு வாங்க முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். மாமா முதன்முறையாகப் படகின் முகத்தைப் பார்த்தார்.

"மேடம்."

"என்னவே?"

"இது எங்க அக்கா மூக்குல்லா?"

நான் இஞ்சினை நிறுத்தினேன். மாமா தொப்பியைக் கழற்றினார்.

"லே, மருமவனே," என்றார்.

கரை அரை மைலுக்கு அப்பால் இருந்தது. மாமாவுக்கு நீச்சல் தெரியாது.