சைபர் காட்டிய மீட்டர்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அதைச் சொன்னவன் நான்தான், அதுவும் ஒரு சாமானை விற்பதற்காக. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தள்ளிப்போட்டால் மனசு மாறிவிடும், எனக்கு என்னைத் தெரியும்.

எழுதி அடித்த தொடக்கங்கள்:

'திருத்தணி மலைப்படிகளில் காவடிகள் ஏறிக்கொண்டிருந்த அந்த' (சீ. மலையைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறேன்.)

'மின்சாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை, மனிதனின்' (போதுமடா சாமி.)

நடந்ததையே சொல்கிறேன்.

2

அக்கா வீட்டுக்காரர் கங்காதரனை நான் பாவா என்று கூப்பிடுவேன். பஜாரில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். அவர் சாப்பிடப் போகும்போது கடையில் நான் உட்காருவேன். கதை எழுதுகிறவன் என்பதால் ஊரில் எனக்கு 'எல்லாம் தெரிஞ்ச சார்' என்று பெயர். நானும் இல்லையென்று சொன்னதில்லை.

பள்ளிப்பட்டிலிருந்து புஷ்பலதா வந்தார். வீட்டில் இரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர்.

"சார், ஒயரை அறுக்காம, உரிக்காம, கரண்ட் இருக்குதா இல்லியான்னு பாக்கணும். எது நல்லாருக்கும்? இதுவரிக்கும் புறங்கையாலதான்* தொட்டுப் பாத்துகினு இருக்கேன்."

கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு இருந்தன. ஒன்று பேனா மாதிரி டெஸ்டர். கரண்ட் உள்ள ஒயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் விளக்கெரிந்து கத்தும். இன்னொன்று கிளாம்ப் மீட்டர். ஒயரை அதன் வாயில் கவ்வவிட்டால் திரையில் எண் வரும். பேனா பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போல இருந்தது. கிளாம்ப் மீட்டரை எடுத்ததுமே எனக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது.

"இது ஒயரைக் காயப்படுத்தாதும்மா. சும்மா கட்டிப்புடிக்கும், உண்மையைச் சொல்லிடும்."

"சோக்கா சொல்றீங்க சார். இதையே குடுங்க."

அந்த மீட்டரை நான் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் கிடையாது. அதுவரை அதை நான் ஒரு ஒயரிலும் மாட்டிப் பார்த்ததில்லை.

(* தறிக்காரர்களின் வழக்கம். ஷாக் அடித்தால் கை மடங்கும். புறங்கையால் தொட்டால் கை ஒயரை விட்டு விலகும், விரலால் தொட்டால் ஒயரையே பிடித்துக்கொள்ளும். ஆபத்தான பழக்கம்தான். ஆனாலும் அதில் ஒரு யோசனை இருந்தது.)

3

பாவா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"அத்த ஏன் குடுத்த? மிஷின் ஓடினாத்தான் அது நம்பர் காட்டும். மிஷினை நிறுத்திட்டா சைபர்தான். ஆனா ஒயர்ல கரண்ட் இருந்துகினேதான் இருக்கும். தெரியாம தொட்டுச்சின்னா? அந்தம்மாவுக்கு போன் போட்டு, பேனாவை வாங்கிக்கினு போவச் சொல்லு."

"ஆங் பாவா, போட்டுடறேன்."

பில் புத்தகத்தில் நம்பர் இருந்தது. போடவில்லை. (இங்கே 'சிக்னல் கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.) எல்லாம் தெரிந்த சாருக்கு ஒன்று தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் ஓட்டினேன்.

4

பத்தாம் நாள் புஷ்பலதா வந்தார். வலது கையில் கட்டு.

தறி மோட்டாரை நிறுத்திவிட்டு, சுவிட்சுக்கு வரும் ஒயரை மீட்டரில் கவ்வவிட்டுப் பார்த்திருக்கிறார். சைபர். அதை நம்பி, புறங்கையை வைக்காமல், டேப் உரிந்த ஜாயிண்டை விரலாலேயே பிடித்துவிட்டார். வீட்டுக்காரர் ஓடிவந்து மெயினை அணைத்ததால் உயிர் தப்பியது. இரண்டு விரலில் உணர்ச்சி இல்லை. அறுந்த இழையை முடிச்சுப்போடுகிற விரல்கள் அவை.

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"மீட்டரை நான் தப்பா புடிச்சிட்டேனா சார்? எனக்குப் படிப்பில்ல பாருங்க."

பாவா உள்ளே குடோனில் இருந்தார். கேட்க யாருமில்லை.

"ஆங்... தப்பா புடிச்சிருப்பீங்கம்மா" என்றேன்.

"அப்பவே நெனச்சேன். மீட்டரை இன்னா கொறை சொல்றது? பக்கத்து வூட்டு ரத்தினம்மா கேட்டுகினு இருந்தா, குடுத்துட்டேன். அவ பத்தாவது படிச்சவ, சரியா புடிப்பா."

5

முடிவு அ: கதைசொல்லி அன்றே பள்ளிப்பட்டு பஸ் ஏறிப் போய்க் காலில் விழுகிறான். (இதில் நல்லவனாகத் தெரிகிறேன். நடக்கவில்லை.)

முடிவு ஆ: ரத்தினம்மாள் தறியை நிறுத்துகிறார். மீட்டரை எடுத்து ஒயரில் (இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.)

முடிவை நீங்களே சொல்லுங்கள் என்பதுதான் இந்த மாதிரிக் கதைகளில் மரியாதை. அதையும் உங்கள் தலையில் கட்ட வெட்கமாக இருக்கிறது. இதை நாலு முறை திருத்தி எழுதினேன். அதற்குள் நாற்பது முறை போன் போட்டிருக்கலாம். தறி நின்றாலும் ஒயரில் கரண்ட் இருக்கும் என்று இப்போது உங்களுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. ரத்தினம்மாளுக்குத் தெரியாது.

பில் புத்தகத்தைத் திறந்து நம்பரைப் போட்டுவிட்டேன்.

"சொல்லுங்க சார்" என்கிறார் புஷ்பலதா. பின்னால் பக்கத்து வீட்டுத் தறி ஓடும் சத்தம் கேட்கிறது.

வாயைத் திறக்கிறேன். எப்படி ஆரம்பித்தால் நன்றாக இருக்கும் என்று புத்தி தேடுகிறது, தூ.

தறிச் சத்தம் நின்றுவிட்டது. இழை அறுந்தாலும் நிறுத்துவார்கள், ஒயரைப் பார்க்கவும் நிறுத்துவார்கள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"