கைக்குத் தெரியும்

“கொதிக்குதுடி! கழுத்தைத் தொட்டுப் பாரு, அப்படியே கொதி—”

“தொட்டுப் பார்த்துட்டுத்தானே சொல்றேன், சில்லுன்னு கிடக்கா—”

“உன் கை அடுப்பு! அதுக்கு எல்லாமே சில்லுன்னுதான் இருக்கும்!”

“உங்க கை ஐஸ் கட்டி! சுவத்தைத் தொட்டாக்கூடச் சுவத்துக்குக் காய்ச்சல்னு சொல்லுவீங்க!”

இருவருக்கும் நடுவில் தொட்டிலில் பாப்பா கிடந்தாள். பிறந்து நாற்பது நாள். சுற்றியிருந்த துணிக்குள்ளிருந்து நெற்றியும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தன. மதியம் மணி இரண்டரை.

இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. அவன் குளிர்கிடங்கில் வேலை பார்ப்பவன். காலை ஐந்து மணியிலிருந்து ஒன்றரை வரை, பூஜ்யத்துக்குப் பதினெட்டு டிகிரி கீழே, உறைந்த மீன் பெட்டிகளை அடுக்குவதும் இறக்குவதும்தான் வேலை. கையுறைக்கு மேல் கையுறை போட்டாலும், வீட்டுக்கு வந்து வெகு நேரம் வரை விரல்கள் மரத்தே இருக்கும். கிடங்கில் அவனைப் பனிக்கரடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இஸ்திரி போடுபவள். ஒரு ஹோட்டலிலிருந்து தலையணை உறைகளும் விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வீட்டுக்கே வந்துவிடும். நாள் முழுக்க நீராவியில் வெந்த உள்ளங்கை. பிள்ளை கண் பார்வையிலேயே இருக்கட்டும் என்று தொட்டிலை இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் போட்டிருந்தாள். காற்று பட்டுவிடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தாள்.

ஆக, அப்பா தொட்டால் காய்ச்சல், அம்மா தொட்டால் குளிர்.

வீட்டில் தெர்மாமீட்டர் இல்லாமல் இல்லை. பிரசவமான வாரம் யாரோ வாங்கிக் கொடுத்தது. இதே சண்டை முதல் தடவை வந்தபோது எடுத்து வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது காட்டியது. “இது ரிப்பேர்” என்றான் அவன். “ஆமா, ரிப்பேர்தான்” என்றாள் அவள். பிள்ளை பிறந்த பிறகு இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அன்றைக்கு மேஜை டிராயருக்குள் போனது, பிறகு வெளியே வரவில்லை.

“பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளையோட உடம்பு?”

“அப்ப நான் என்ன, வாடகைக்கு வந்தவனா?” என்றபடி அவன் தொட்டில் மேல் குனிந்தான். சட்டைப் பையிலிருந்து ஏதோ நழுவித் தரையில் உருண்டது. அவன் எடுப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

சின்ன பாட்டில். மூடியோடு ஒரு சொட்டுக்குழாய்.

“என்னங்க இது?”

“கொடு இப்படி.”

“என்னன்னு கேக்கறேன்ல?”

“காய்ச்சல் மருந்து. சும்மா... வாங்கி வச்சேன்.”

அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “சும்மா வாங்கி வச்சது எப்படிங்க பாதி காலியாச்சு?”

அவன் தொட்டிலைப் பார்த்தான்.

“கொடுத்தீங்களா?”

“நீ பாக்காதப்ப.”

“இன்னைக்கா?”

“இன்னைக்குக் காலைல கிளம்பறதுக்கு முன்னாடி. நேத்து ரெண்டு தடவை. முந்தாநாளு... ரெண்டோ மூணோ.”

“லேபிள்ல மூணு மாசத்துக்கு மேலன்னு போட்டிருக்கே! கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“நம்ம பாப்பாதான் நல்லா குண்டா இருக்காளேன்னு... பாதி அளவுதான் கொடுத்தேன். சத்தியமா பாதிதான்.”

“பாதின்னா எவ்வளவு?”

“அளந்தெல்லாம் பாக்கல. என் விரலுக்குத்தான் அந்தக் குழாய் சரியாப் பிடிபடலையே!”

அவள் முகம் வெளுத்தது. ஆனால் வாய் ஓயவில்லை. “திருட்டுத்தனமா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம—”

“சொன்னா விடுவியா நீ?” அவன் தொட்டிலுக்குள் கையை விட்டான். பாப்பாவைத் தூக்குவதற்காக முதுகுக்கு அடியில் நுழைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். “கீழ என்ன வச்சிருக்க?”

“துவாலை.”

“சுடுதே!”

“லேசா இஸ்திரிப் பெட்டி வச்சு எடுத்த துவாலை. குளிரக் கூடாதுன்னு. ஆறினா மாத்திடுவேன்.”

“காலைல இருந்தா?”

“திங்கக்கிழமைலேருந்து,” என்றாள். குரல் பாதியாக இறங்கிவிட்டது.

அன்று புதன்.

“பாப்பா என்ன இப்படித் தூங்கறா? நாம இந்தக் கத்து கத்தறோம்.”

“நல்ல பிள்ளைங்க அவ. எப்பவும் இப்படித்தானே.”

உண்மைதான். எதிர் வீட்டு டிரைவர் நேற்றுக்கூடப் படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: “நான் நைட் வண்டி ஓட்டிட்டுப் பகல்ல படுக்கறவன். பச்சைப் பிள்ளை வருதுன்னதும், போச்சுடா என் தூக்கம்னு நினைச்சேன். உங்க வீட்ல குழந்தை இருக்கறதே தெரியல போங்க!” அப்போது இருவருக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்பாவைப் போல அமைதி என்றான் அவன். என்னைப் போலச் சமர்த்து என்றாள் அவள்.

“கடைசியா எப்ப பால் கொடுத்த?”

“தூங்கற பிள்ளையை எழுப்பக் கூடாதுன்னு...”

“எப்ப?”

“எட்டு மணிக்கு.”

“குடிச்சாளா?”

“வாயை வச்சா. அப்படியே தூங்கிட்டா.”

அவன் பாப்பாவின் பாதத்தைத் துணிக்குள் தேடிப் பிடித்துச் சுண்டினான். பாதம் விலகவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தி. பாப்பாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கண் திறக்கவில்லை.

அவள்தான் போனை எடுத்தாள். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் எண் சுவரில் எழுதியிருந்தது. எடுத்தது ஒரு நர்ஸ். வயதான குரல், அவசரமில்லாத குரல். அந்த நிதானத்தைக் கேட்டதும் இவளுக்கு இன்னும் பயம் கூடியது.

“எத்தனை நாள் குழந்தை?”

“நாப்பது நாள்.”

“மூச்சு விடுதா? பாத்துச் சொல்லுங்க.”

“விடுறா. விடுறா சிஸ்டர்.”

“முதல்ல சுத்தியிருக்கற துணியெல்லாம் எடுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு எடுங்க.”

அவன் அவிழ்த்தான். ஒரு போர்வை. அதற்குள் ஒரு கம்பளித் துணி. அதற்குள் ஒரு ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர். குல்லாய், காலுறை. அவிழ்க்க அவிழ்க்கப் பிள்ளை சின்னதாகிக்கொண்டே வந்தது. குண்டு என்று அவன் நினைத்ததில் முக்கால்வாசி துணி. கடைசித் துணி உடம்போடு ஈரமாக ஒட்டியிருந்தது.

“தெர்மாமீட்டர் இருக்கா?”

“இருக்கு. ஆனா அது ரிப்பேர்...”

“யார் சொன்னா ரிப்பேர்னு?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிராயரைத் திறந்து எடுத்து, அக்குளில் வைத்தார்கள். அது கூவியது.

“நூத்தி ஒண்ணு புள்ளி ஆறு.”

“உடனே கிளம்புங்க. இத்தனூண்டு குழந்தைக்குச் சூடுன்னா வீட்ல வச்சுப் பாக்கறதே கிடையாது. போத்தினதாலயா, இல்ல உள்ள ஏதாவது கிருமி இருக்கான்னு இங்க வந்தாத்தான் தெரியும். மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?”

அவள் அவனைப் பார்த்தாள்.

“கொடுத்தேன்,” என்றான் அவன், போனை நோக்கி. “மூணு நாளா.”



“அந்த பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க. லேசா ஒரு துணி போதும். வேற எதையும் வாயில ஊத்தாதீங்க, தண்ணிகூட. வழியில மூச்சைப் பாத்துக்கிட்டே வாங்க.”

எதிர் வீட்டுக் கதவை இருவரும் சேர்ந்து தட்டினார்கள். டிரைவர் தூக்கக் கண்ணோடு வந்து திறந்தார். பாப்பாவைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சட்டை போடாமலே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வண்டியில் பாப்பா அவள் மடியில் கிடந்தாள். நெஞ்சின் மேல் அவள் கை இருந்தது. அதன் மேல் அவன் கை. குழந்தை சுடுகிறதா, குளிர்கிறதா என்று இருவருக்குமே இப்போது தெரியவில்லை. நெஞ்சு ஏறுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஏறியது. இறங்கியது. இரண்டு சிக்னலில் டிரைவர் நிற்கவில்லை.

“நான் சொன்னா விட்டிருப்பியா?” என்றான் அவன், மெதுவாக. இது சண்டை இல்லை.

“விட்டிருக்க மாட்டேன்,” என்றாள். “துவாலையைப் பத்தி உங்களுக்கும் நான் சொல்லலையே.”

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருத்தி பாப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு ஆடி ஆடி நின்றது. போனில் பேசிய நர்ஸ்தான் அட்டையும் பேனாவுமாக வந்தாள். மருந்து பாட்டிலை வாங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். எத்தனை தடவை, எந்தெந்த நேரம் என்று கேட்டாள். அவன் ஒன்றுகூட மறைக்காமல் சொன்னான். எதில் படுக்கவைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். இவள் துவாலையைப் பற்றிச் சொன்னாள். பால், எட்டு மணி. ஈரத்துணி மாற்றியது நேற்று இரவு ஒன்று, காலையில் ஒன்று. எல்லாவற்றுக்கும் இருவரில் ஒருவரிடமாவது பதில் இருந்தது. பேனா நிற்காமல் ஓடியது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஊசி கேட்டார்கள். யாரோ “நரம்பு கிடைக்கல, இன்னொரு கால்ல பாருங்க” என்றார்கள். பிள்ளையின் சத்தம் வரவில்லை.

நர்ஸ் பேனாவை நிறுத்தி அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு இவர்கள் இருவரையும் பார்த்தாள்.

“பாப்பா கடைசியா எப்ப அழுதா?”